மலர்க்கொடி டீச்சர் தோற்ற ஃபைனல்

பி.டி. டீச்சர் மலர்க்கொடிக்குத் தனியார் பள்ளிக்காரர்களைக் கண்டாலே ஆகாது. அதை அவள் மறைத்ததும் கிடையாது. கடலூருக்குத் தெற்கே, கெமிக்கல் கம்பெனிகளை ஒட்டிய ஓர் ஊரின் அரசு மேல்நிலைப் பள்ளியில் அவளுக்கு வேலை. பேர்தான் விளையாட்டு டீச்சர். பிரேயருக்கு வரிசை நிறுத்துவது, ரிப்பன் கட்டாத பிள்ளைகளை அதட்டுவது, விழா வந்தால் கூட்டத்துக்குக் கயிறு கட்டுவது எல்லாம் அவள் தலையில். பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் கேட்டு வாங்கிக்கொள்வார். திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை.

இந்த லட்சணத்தில்தான், பள்ளி விட்ட பிறகு, வெடித்துப்போன சிமென்ட் தரை ஒன்றில் பெண்பிள்ளைகளுக்கு பாஸ்கெட்பால் சொல்லிக்கொடுத்தாள். வளையத்தில் வலை கிடையாது. பந்து உள்ளே விழுந்ததா, வெளியே போனதா என்று தினமும் சண்டை நடக்கும். அந்தத் தரையில் பந்து தட்டிப் பழகியவளுக்கு வேறு எந்தத் தரையும் பெரிதில்லை.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தால் போதும், சிதம்பரத்துத் தனியார் பள்ளித் தாளாளர் திருநாவுக்கரசுக்கு மூக்கில் வேர்த்துவிடும். உயரமான பிள்ளை யார், நன்றாக ஓடுகிற பிள்ளை யார் என்று விசாரித்துக்கொண்டு கார் போட்டு வீட்டுக்கே வந்துவிடுவார். ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டல் ஃப்ரீ, ஷூ ஃப்ரீ, ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. கம்பெனி வாசலில் கான்ட்ராக்ட் வேலைக்கு நிற்கிற தகப்பன் வேறு என்ன சொல்வான்? மலர்க்கொடி பழக்கிய அம்ரீன் அப்படித்தான் போனாள். அவளைப் போலவே இன்னும் மூன்று பேர் போனார்கள். பிள்ளைகள் மேல் மலர்க்கொடிக்குக் கோபம் இல்லை. நாற்று விட்டதும் நட்டதும் வேறொருத்தி, அறுப்புக்கு மட்டும் அரிவாளோடு வந்து நிற்கிறார் இந்த ஆள். அவரை அவளால் மனுஷனாக மதிக்க முடியவில்லை. இதில் பள்ளி வாசலில் ‘எங்கள் வளர்ப்பு’ என்று ஃப்ளெக்ஸ் வேறு.

இந்த வருஷம் ஹெச்.எம். கலியமூர்த்தி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். இலவச சைக்கிள்களை நிறுத்த இடமில்லையாம், பாஸ்கெட்பால் தரையில் ஷெட் போடப் போகிறாராம். மலர்க்கொடி மல்லுக்கு நின்றதில் ஒரு வாய்தா கிடைத்தது. மாவட்டக் கப்பைக் கொண்டுவந்தால் தரை பிழைக்கும். கப்பை வாங்க யார் இருக்கிறார்கள்? தாளாளர் வேண்டாமென்று விட்டுவைத்த குட்டைப் பிள்ளைகள்தான். அவர்கள் விழுந்து எழுந்து, முட்டி தேய்ந்து, ஃபைனல் வரைக்கும் வந்துவிட்டார்கள்.

அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. காற்று திரும்பினால் கம்பெனி நெடியில் அங்கே மூக்கெரியும். அதற்காக மலர்க்கொடி நீளமாக ஒரு விசில் வைத்திருந்தாள். அது கேட்டதும் பந்தை அப்படியே போட்டுவிட்டு, துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, காற்றுக்குக் குறுக்கே ஓடி, மரத்தடியில் வரிசையாக நின்று தலை எண்ணிக்கை கொடுக்க வேண்டும். யோசிக்கக் கூடாது. யோசித்தால் திட்டு விழும்.

ஃபைனல் திருநாவுக்கரசின் பள்ளியிலேயே நடந்தது. டீமும் அவருடையது, கிரவுண்டும் அவருடையது, நடுவர்களுக்கு மதியச் சாப்பாடும் அவருடையது. பளபளக்கும் பனியனில் நின்ற அம்ரீன், பழைய டீச்சரைப் பார்த்ததும் ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்துகொண்டாள். சிறப்பு விருந்தினர் வருகிறார் என்று ஆடுகளத்தைச் சுற்றி பிளீச்சிங் பவுடரைக் கோலம் மாதிரி கொட்டியிருந்தார்கள். ஆட ஐந்து பேர் வேண்டும். நாலு பேரை அள்ளிக்கொண்டு வந்த தாளாளருக்கு ஐந்தாவது ஆள் மட்டும் அந்த வருஷம் சிக்கவில்லை. அந்த இடத்தில் ஸ்ரீமதி என்று ஒரு பிள்ளை நின்றது. ஒன்றாம் வகுப்பிலிருந்து அங்கேயே ஃபீஸ் கட்டிப் படிக்கிற பிள்ளை. ஆட்டம் முழுக்க அதற்கு ஒருத்தியும் பந்து கொடுக்கவில்லை.

கடைசி நிமிஷம். அரசுப் பள்ளி ஒரு பாயிண்ட் முன்னால். அம்ரீன் பந்தைத் தட்டிக்கொண்டு வந்தாள். அப்போது காற்று திரும்பி, பிளீச்சிங் பவுடர் நெடி குப்பென்று அடித்தது. அதே நேரம் பக்கத்து கோ-கோ மைதானத்தில் எவனோ நீளமாக ஒரு விசில் ஊதினான்.

அம்ரீன் பந்தைப் போட்டாள். பனியனை மூக்குக்கு மேல் இழுத்துக்கொண்டு ஓடினாள். அவளையும் சேர்த்து ஆடுகளத்தில் இருந்த ஒன்பது பிள்ளைகள் ஓடினார்கள், இரண்டு பனியன்களும் கலந்து. வேப்பமரத்தடியில் வரிசை கட்டி, ஒன்று, இரண்டு என்று கத்த ஆரம்பித்தார்கள். ஒன்பது என்று கத்தியவள் அம்ரீன். கத்திய பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. யார் வளர்ப்பு என்பது அந்தக் கூட்டம் மொத்தத்துக்கும் ஃப்ளெக்ஸ் இல்லாமலே தெரிந்துபோயிற்று. மலர்க்கொடிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

ஆடுகளத்தில் ஸ்ரீமதி மட்டும் நின்றது. உருண்டு வந்த பந்தை எடுத்தது. நடுவரைப் பார்த்தது, அவர் விசில் ஊதவில்லை. தட்டிக்கொண்டே போய் வளையத்தில் போட்டது. பந்து விழுந்தது, இரண்டு பாயிண்ட். நேரமும் முடிந்தது.

நடுவர் மலர்க்கொடியிடம் வந்தார். வெளி விசிலால் ஆட்டம் கெட்டது என்று அவள் ஒரு வார்த்தை கேட்டால் கடைசி நிமிஷத்தைத் திரும்ப ஆட வைக்கலாம் என்றார். கலியமூர்த்தி பின்னாலிருந்து கேளுங்கம்மா, கேளுங்க என்று உயிரை எடுத்தார். அவள் ஸ்ரீமதியைப் பார்த்தாள். ஜெயித்துக் கொடுத்த அந்தப் பிள்ளையை அதன் டீமில் ஒருத்திகூடத் தொடவில்லை. வளையத்துக்குக் கீழே, தப்பு செய்துவிட்டோமோ என்கிற முகத்தோடு நின்றது.

“கேக்க மாட்டேன் சார். வேற கிரவுண்டு விசிலுக்கு ஓடுனது எங்க புள்ளைங்க. ஓடாம ஆடுனது அது ஒண்ணுதான். பாயிண்ட்டு அதோடது,” என்றாள்.

கலியமூர்த்தி அங்கேயே செல்போனை எடுத்து, ஷெட்டுக்கு வேலையை ஆரம்பிக்கச் சொல்லி யாரிடமோ பேசினார். அவருக்கு அவ்வளவுதான் விளையாட்டு.

பரிசளிப்பில் தாளாளர் வாய் கிழியப் பேசினார். அம்ரீன் முதலான நாலு பேர் பேரையும் ராகம் போட்டுச் சொல்லி, இதெல்லாம் எங்கள் வளர்ப்பு என்றார். வேப்பமரத்தடியைப் பார்த்த கண்ணோடுதான் சொன்னார். வெட்கம் அந்தப் பக்கமே வரவில்லை. இறங்கி வந்தவர் மலர்க்கொடியிடம் பல்லைக் காட்டிக்கொண்டு, பேசாமல் எங்கள் பள்ளிக்கே கோச்சாக வந்துவிடுங்களேன் என்றார்.

“நாலு புள்ளைங்க பேரு சொன்னீங்க, நாலும் எங்க புள்ளைங்க. கப்பு வாங்கிக் குடுத்த ஒங்க புள்ள பேரு என்னா சார்?” என்று கேட்டாள் மலர்க்கொடி.

தாளாளர் சிரித்தபடியே தன் கோச்சைப் பார்த்தார். கோச் கப்பைப் பார்த்தான். பக்கத்திலேயே நின்றிருந்த பிள்ளை கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தது. பிறகு அதுவே சொன்னது.

“ஸ்ரீமதி, சார்.”