கசாப்புக்காரன் முறுக்கிய போல்ட்

மெர்வின் டாங்க்ஸ் பொதுவாக யாரையும் திட்டமாட்டார். பஸ் டிப்போவில் காலமெல்லாம் பிரேக் பார்த்தவர். டிரைவர்கள் வண்டியை என்ன பாடுபடுத்திக் கொண்டுவந்து நிறுத்தினாலும் ஒரு பெருமூச்சு விட்டுச் சட்டைக்கையை மடித்துக்கொள்வார், அவ்வளவுதான். ஓய்வுபெற்ற பிறகு அவருக்குத் தினமும் திட்டுவதற்கென்று ஓர் ஆள் கிடைத்தான். அந்த ஆளை அவர் பார்த்ததே இல்லை. பெயர், முந்தினவன்.

எங்கள் ஊர் க்ரேட்லி ஹீத்தில் பழைய பைக் வைத்திருக்கிற எல்லோருக்கும் ஒரு முந்தினவன் உண்டு. அவர்களுக்கு முன்னால் அந்த பைக்கை வைத்திருந்தவன். கோணலாகத் துளை போட்டவன், உளியால் அடித்து நட்டைக் கழற்றியவன். பழைய பைக்காரர்களின் கிளப்பில் தேநீர்க் கோப்பை கைக்கு வந்ததும் ஆளாளுக்குத் தங்கள் முந்தினவனை இழுத்துவைத்து வைவார்கள். யார்மீதும் போய் விழாத வசவு.

மெர்வினின் பைக் அவர் நண்பர் வில்ஃப் கிரேஞ்சருடையது; மெர்வின் திட்டியது வில்ஃபுக்கும் முன்னால் அதை வைத்திருந்தவனை. வில்ஃப் இறந்த பிறகு அவர் மனைவி ஐவி அதை மெர்வினுக்குக் கொடுத்தார். ஒரே நிபந்தனை: கிளப்பின் மே மாதப் பயணத்தில், பிரிட்ஜ்நார்த் வரைக்கும் பின்சீட்டில் தன்னைக் கூட்டிப்போக வேண்டும். போன மே மாதம் பைக் கிளம்பவில்லை. இந்த மே தவறினால் அப்புறம் இல்லை. ஜூனில் ஐவிக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன். அதற்குப் பிறகு பின்சீட்டில் காலைத் தூக்கிப் போடும் யோசனையே வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தடையாக நின்றது ஒரு துளை. இன்ஜினின் தலைப்பகுதி அலுமினியம். அதன் மேல்மூடியைக் கால் அங்குல போல்ட்டுகள் பிடித்திருக்கும். பழைய போல்ட்டில் ஓர் அங்குல நீளத்துக்கு இருபத்தாறு மரை. பிற்காலத்தில் வந்ததில் இருபத்தெட்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். புதியதைப் பழைய துளையில் விட்டால் முதல் இரண்டு சுற்றுக்குச் சொன்னபடி கேட்கும். பிறகு முரண்டு பிடிக்கும். அதற்குமேலும் முறுக்கினால் அலுமினியத்தின் மரை மாவாகிவிடும். முந்தினவன் முறுக்கியிருந்தான்.

சரிசெய்ய வழி இல்லாமல் இல்லை. துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, மரை வெட்டி, ஸ்பிரிங் மாதிரியான எஃகுச் சுருளை உள்ளே திருகி வைத்தால் போல்ட்டுக்குப் புது மரை. மற்ற துளைகளெல்லாம் அப்படித்தான் தேறின. முன்பக்கத்து இடது மூலை மட்டும் தேறவில்லை. மண்ணெண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று குழந்தைக்குத் தலைவாருவதுபோல மெர்வின் மரை வெட்டுவார். சுருளை வைப்பார். போல்ட் இறுகும், இன்னும் கொஞ்சம் இறுகும், பிறகு வெண்ணெயில் திருகியதுபோல் இளகிவிடும். வெளியே எடுத்தால் போல்ட்டைத் தழுவிக்கொண்டு சுருளும் கூடவே வரும். மறுபடி சுருள். மறுபடி இளகல். அடுத்த வீட்டிலிருக்கும் எனக்கு, ஸ்பேனர் தரையில் விழும் சத்தத்திலேயே எந்தக் கட்டத்தில் போயிற்றென்று தெரியும்.

அவர் மனைவி பாலின் ஆரம்பத்தில் ஆறுதல் சொன்னார். பிறகு சொல்வதை நிறுத்தினார். மெர்வின் கிரீஸ் கையோடு ஃபிரிட்ஜைத் திறந்த ஒரு நாள் மட்டும், “அந்தத் துளைக்குத்தான் மரை போச்சுன்னு நெனச்சேன்” என்றார்.

பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஐவி கேக் எடுத்துக்கொண்டு வந்தார். வாரா வாரம் வருவதுதான். நானும் கராஜ் வாசலில் நின்றிருந்தேன். அப்போதுதான் ஒரு சுருள் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. மெர்வின் அதை ஐவியின் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினார்.

“வில்ஃப் இப்படிப் பண்றவன் இல்ல, ஐவி. அவனுக்கும் முந்தின எவனோ ஒரு கசாப்புக்காரன். ஸ்பேனர்ல பைப்பைச் சொருகி முறுக்கியிருக்கான் பாருங்க.”

“ரெண்டு அடி பைப்பு” என்றார் ஐவி.

“ஆமா, அவ்ளோ நீளம் இருந்தாத்தான்…” மெர்வின் நிறுத்தினார். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நான்தானே முறுக்கினேன்.”

ஐவி கேக்கைப் பட்டறை மேசைமேல் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். கடைசி வருடங்களில் வில்ஃபுக்குக் கை நடுக்கம். அவர் டார்ச் பிடிப்பார், ஐவி முறுக்குவார். எண்ணெய் கசிந்தது. பளபளவென்று இருக்கிறதே என்று சந்தையில் புது போல்ட் வாங்கிவந்து போட்டார்கள். கசிந்தது. இறுக்கினார்கள். இறுக்க இறுக்கக் கசிந்தது.

மெர்வினின் காதுகள் சிவந்துவிட்டன. ஒரு வருடமாக இந்த அம்மாள் முன்னால் என்னவெல்லாம் சொன்னோம் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

“சொல்லியிருக்கலாமே” என்றார் கடைசியில்.

“எங்க சொல்றது? நீ மூச்சு விட்டாத்தானேப்பா.” பிறகு, கொஞ்சம் தாழ்ந்த குரலில்: “அந்த மூலைத் துளையில பசை வேற ஊத்தினேன். அலுமினியத் தூள் கலந்தது. காஞ்சா இரும்பாட்டம் ஆயிடும்.”

மெர்வின் குனிந்து, மரை வெட்டும்போது உதிர்வது விழுவதற்காக இன்ஜினுக்கு அடியில் வைத்திருந்த தட்டைப் பார்த்தார். அலுமினியத்தில் மரை வெட்டினால் ஆப்பிள் தோல் சீவியதுபோல் சுருள் சுருளாக வரும். தட்டில் கிடந்தது சாம்பல் நிறப் பொடி. வாரக்கணக்காக அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்; பழைய உலோகம், செத்துப்போயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார். இத்தனை நாளும் அவர் மரை வெட்டியது பசையில்.

கேக்கை யாரும் தொடவில்லை. ஐவி போன பிறகு மெர்வின் பசையைச் சுரண்ட ஆரம்பித்தார். சுரண்டச் சுரண்டத் துளை குகையாயிற்று. இனி எந்தச் சுருளும் அதற்குக் காணாது. சனிக்கிழமை முழுக்க லேத்தில் நின்று, உள்ளும் புறமும் மரை வெட்டிய தடித்த எஃகுக் குழல் ஒன்றைக் கடைந்தார். முதல் குழல் பெரிதாகிவிட்டது. இரண்டாவது கடைசிச் சீவலில் கோணியது. மூன்றாவது பிடித்தது.

ஞாயிறு காலை வில்ஃபின் தோல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஐவி வந்து நின்றார். கை தானாக ஸ்பேனருக்குப் போனது. மெர்வின் அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

“பின்சீட்டு உங்களுது. ஸ்பேனர் மட்டும் கிடையாது.”

இருப்பதிலேயே குட்டையான ஸ்பேனரால், இரண்டே விரலில், அந்த போல்ட்டை இறுக்கினார். இன்னும் கொஞ்சம் இறுக்கலாம் என்று அவருக்கே தெரிந்தது. விரல் போகவில்லை.

சாண்ட்விச் ஏற்றிய காரில் பாலினும் நானும் பின்னால் போனோம். வழியிலுள்ள என்வில் கிராமத்தைத் தாண்டும்வரை ஐவியின் முதுகு நிமிர்ந்தே இருந்தது. பிரிட்ஜ்நார்த்தில் ஆற்றோரம் நிறுத்தினார்கள். மெர்வினின் தோளைப் பிடித்து ஐவி இறங்கினார். இடது முழங்காலிலிருந்து ஷூ வரை எண்ணெய். சாக்ஸ் கறுத்துப்போயிருந்தது. முன்பக்கத்து இடது மூலை. குழல் அசையவில்லை; போல்ட்தான் இறுக்கம் போதாமல் தளர்ந்திருந்தது.

ஐவி தன் ஷூவைப் பார்த்தார். போல்ட்டைப் பார்த்தார்.

“யாருப்பா இந்தக் கசாப்புக்காரன்?”

கிளப் ஆட்கள் சிரித்தார்கள். மெர்வின் சிரிக்கவில்லை. திரும்பிப் போக அதே தூரம் இருந்தது. பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, போல்ட்டில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

“என் கைக்குப் பயம் வந்துடுச்சு, ஐவி. கால் சுத்து. அதுக்கு மேல ஒரு இம்மி வேணாம்.”

ஸ்பேனரை ஐவியிடம் கொடுத்துவிட்டு ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.