முன்பக்கத்து இங்கிலீஷ்

இலுப்பூரில் ரெவின்யூ ஆபீசுக்கு எதிரே வேப்பமரத்தடியில் பெட்டி போட்டு மனு எழுதிக்கொண்டிருந்த முத்துராமனுக்கு இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு என்று ஊர் நம்பியது. ஊர் எதைத்தான் நம்பவில்லை? அவருக்குத் தெரிந்ததெல்லாம் 'லி' என்று முடிகிற நூற்றுச் சொச்சம் சொற்கள்தான்.

நாற்பத்தெட்டில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தபோது, புதுக்கோட்டையில் ஒரு சர்க்கார் கச்சேரியில் நகல் எழுதிக்கொண்டிருந்த அவரை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் மட்டும் மூன்று தடவை கோட்டைவிட்டவரை வேறு யார் வைத்துக்கொள்வார்கள்? வரும்போது பரணில் கிடந்த இங்கிலீஷ் இலக்கணப் புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். முன்னும் பின்னும் கரையான் தின்றுவிட்டிருந்தது. நடுவில் மிஞ்சியது அட்வெர்ப் பாடம். ஒரு காரியம் எப்படி நடந்தது என்று சொல்லும் சொற்கள் அவை. குயிக்லி என்றால் வேகமாக, ஹம்பிளி என்றால் பணிவாக, புரூட்டலி என்றால் கொடூரமாக, இம்மீடியட்லி என்றால் உடனடியாக. கரையானுக்கே வேண்டாத அந்தப் பதினாறு பக்கத்தை வைத்துக்கொண்டு மனிதர் பதிமூன்று வருஷம் பிழைத்தார்.

தினம் காலையில் பத்துச் சொல் மனப்பாடம். மத்தியானம் அவற்றைப் பொண்டாட்டி அழகியிடம் பிரயோகம். குழம்பைக் குயிக்லி ஊற்று, கதவை சாஃப்ட்லி சாத்து என்பார். "வெரசா ஊத்து, மெதுவாச் சாத்துன்னு சொன்னா வாய் சுளுக்கிக்கிருமாக்கும்?" என்று அழகி ஒருநாள் கேட்டாள். படிக்காத கழுதையிடம் என்ன பேச்சு என்று அவர் தட்டை முன்னால் நகர்த்தினார். குழம்பு மட்டும் அன்றைக்கு ஆறித்தான் வந்தது.

நகல் எழுதிய பழக்கத்தில் மனுவைத் தொடங்கவும் முடிக்கவும் அவருக்குத் தெரியும். நடுவில் லியாக அடுக்கிவிடுவார். வாய்க்கால் தகராறுக்கும் புரூட்டலி, ஆடு காணாமல் போனதற்கும் புரூட்டலி. எழுதி முடித்ததும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உரக்க வாசிப்பார். வந்தவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சாமி சந்நிதியில் நிற்பதுபோல் கேட்பார்கள். போன மனுவுக்கு ஆபீசில் பதில் இல்லையென்றால், லி குறைந்துவிட்டது, இன்னும் நாலு சேர்த்து எழுதுங்கள் என்று அவர்களே திரும்ப வந்து கேட்டார்கள். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. இலுப்பூருக்கு முத்துராமன்.

அறுபத்தொன்றில், ஜமாபந்திக்கு நாலு நாள் முன்னால், மூக்காயி வந்தாள். புருஷன் செத்த மறுவருஷமே அவளுடைய அரை ஏக்கர் புஞ்சைக்குக் கொழுந்தன் பெரியகருப்பன் தன் பேரில் பட்டா வாங்கிவிட்டான். ஆடி பிறந்ததும் ஏர் கட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். வருஷத்துக்கு ஒருமுறை வரும் ஜமாபந்தியில் அதிகாரியிடம் மனு கொடுத்து உத்தரவு வாங்கினால்தான் உண்டு. தப்பினால் நிலம் போச்சு. அவளுக்கும் அவள் மகளுக்கும் கஞ்சி ஊற்றிய நிலம் அது ஒன்றுதான்.

அவள் விவரம் சொல்ல வாயெடுத்தாள். முத்துராமன் கையைக் காட்டி அடக்கினார். "ஒனக்கென்ன தெரியும்? வெறகு ஒடிக்கிற மாதிரியா இது? பேரைச் சொல்லு, ஊரைச் சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்." ஹம்பிளி, ரெஸ்பெக்ட்ஃபுல்லி, ரிப்பீட்டட்லி, இம்மீடியட்லி, சின்சியர்லி என்று ஒரு பக்கம் நிறைந்தது. அவருக்கே பரம திருப்தி. தன் வாழ்நாளில் எழுதியதிலேயே இதுதான் உச்சம் என்று நினைத்தார். அதைப் பார்க்கத்தான் ஜமாபந்தி அன்று வேலையை விட்டுவிட்டுப் பந்தலுக்கே போய், கூட்டத்தை நிறுத்தக் கட்டிய கயிற்றுக்குப் பின்னால் நின்றார்.

அதிகாரி மனுவை ஒரு தடவை படித்தார். திருப்பி இன்னொரு தடவை படித்தார். பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்தார். பிறகு தமிழில் கேட்டார்.

"ஏம்மா, நீ எப்படியெல்லாம் கேக்குறேன்னு இதுல இருபது வரி இருக்கு. என்ன கேக்குறேன்னு ஒரு வரிகூட இல்லையே?"

பந்தல் சிரித்தது. முத்துராமன் தனக்கு முன்னால் நின்றவன் முதுகுக்குப் பின்னே ஒதுங்கினார்.

மூக்காயி சிரிக்கவில்லை. "சர்வே நம்பரு எழுவத்தாறுங்க. ஒத்தப் புளியமரத்துப் புஞ்சை. எம் புருசன் பேருல இருந்துச்சு. அவரு போனதும் கொழுந்தன் மாத்திக்கிட்டாருங்க. எனக்கு அந்த நெலம் வேணும்" என்றாள்.

நம்பர் தெரிந்திருந்தும் ஏன் எழுதவில்லை என்று அதிகாரி கேட்டார்.

"எழுதுனவரு கேக்கலைங்க. சொல்ல வந்தேன். ஒனக்கென்ன தெரியும்னு வாய மூடச் சொல்லிட்டாருங்க."

அவள் திரும்பிப் பார்த்தாள். கயிற்றுக்குப் பின்னால் இருந்தவர்களும் திரும்பினார்கள். எந்த முதுகும் முத்துராமனை மறைக்கவில்லை.

அதிகாரி ஊர் நிலக்கணக்கு எழுதும் கர்ணத்திடம் பழைய கணக்கைத் திருப்பச் சொன்னார். புருஷன் பேர் இருந்தது. பேரை மாற்றுமுன் விசாரணை நடந்ததாகக் குறிப்பு எதுவும் இல்லை. குமாஸ்தா அதே தாளைக் கவிழ்த்து, அவள் சொன்னதை மூன்று வரியில் தமிழில் எழுதினார். அதன் கீழேயே உத்தரவும் சீலும் விழுந்தன. ஆடியில் அந்தப் புஞ்சையில் மூக்காயிதான் கடலை போட்டாள்.

முத்துராமனுக்கு வெட்கம் வந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? அன்று சாயங்காலமே டீக்கடையில், தான் போட்ட இம்மீடியட்லிதான் அதிகாரியை உடனே பேனாவை எடுக்க வைத்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் டீ குடித்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து வேப்பமரத்தடியில் ஆள் குறைந்தது.

மறு வருஷ ஜமாபந்திக்கு முன்னால் மூக்காயி அங்கே மறுபடி வந்தாள். கூட வந்த பக்கத்து வீட்டுச் செவந்திக்கு ஒரு மனு எழுத வேண்டும். வேறு ஆள் கிடைக்காததால்தான் இவரிடம் வந்தார்கள். முத்துராமன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பேனாவை உதறி, தாளை நேராக வைத்தார்.

மூக்காயி குனிந்து அந்தத் தாளை எடுத்துக் கவிழ்த்துப் போட்டாள்.

"ரைட்டரய்யா, முன்பக்கம் வேணாம். இந்தப் பக்கத்துலேருந்தே எழுதுங்க. இவ சொல்லுவா, கேட்டு எழுதுங்க."