லிட்டருக்கு இருபது

உலான்பாத்தரில் ஒரு மழலையர் பள்ளியில் சமையல் செய்துகொண்டிருந்த கொர்லோ, கணவன் இறந்துபோன பிறகு, பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் அவனுடைய ஹைபிரிட் காரை வாடகைக்கு ஓட்ட இறங்கினாள். ஜப்பானில் யாரோ ஓட்டித் தேய்த்து, இங்கே இவர்களும் ஓட்டித் தேய்த்து, மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய வண்டி. குளிர்காலத்தில் பயணிகள், வசந்தத்தில் ஆட்டு ரோம மூட்டைகள் என்று எதையும் சுமக்கும். ஆனால் அந்தக் கோடையில் அதன் குடி தாங்கவில்லை. லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் கொடுத்தது, பன்னிரண்டுக்கு இறங்கிவிட்டது.

"அண்ணி, இது காரா ஒட்டகமா?" என்று கேலி செய்தான் கொழுந்தன் தாம்பா. "ஒட்டகமாவது ஒரு தடவ குடிச்சா ஒரு வாரம் தாங்கும். பேசாம பழைய இரும்புக்குப் போட்டுடுங்க."

"உன் ஜீப்பு மட்டும் காத்தக் குடிச்சா ஓடுது?"

மறுநாள் வண்டியைக் கழுவும்போதுதான் அவளுக்கு உறைத்தது. பின்சீட்டின் ஓரம் பேட்டரிக்குக் காற்று போகும் துவாரம். உள்ளே விசிறி உறுமியது, கையை வைத்தால் காற்றே இழுக்கவில்லை. மூடியைக் கழற்றினாள். பூனைக்குட்டி அளவுக்கு ஆட்டு ரோமம் உருண்டு வந்தது!

"அடப்பாவி, மூச்சு முட்டியா கெடந்த!" என்று முற்றத்திலேயே கத்தினாள்.

பேட்டரி சூடேறி ஒதுங்க, எஞ்சினே எல்லாப் பாரத்தையும் இழுத்திருக்கிறது. அதன்பின் அவள் கை சும்மா இருக்கவில்லை. விசிறியைத் துடைத்தாள், ஏர் ஃபில்டரை மாற்றினாள், கூரைமேல் சும்மா கிடந்த கேரியரைக் கழற்றினாள், டயர்களுக்குக் காற்றடித்தாள். சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த பின்பக்க பிரேக்கை மெக்கானிக் சரிசெய்தார்.

குதிரைப் பந்தயம் நடக்கும் நாதம் திருவிழாவுக்காக அர்வைஹேர் ஊருக்குப் போகும்போது, ஜீப்பை மனைவி எடுத்துப் போய்விட்டதால் தாம்பாவும் அவளோடு ஏறினான். நகர எல்லையில் திரையிலிருந்த மைலேஜ் கணக்கைப் பூஜ்யமாக்கினாள். முதலில் கொட்டாவி விட்டவன், திரையில் பதினாறைப் பார்த்ததும் நிமிர்ந்தான். பதினெட்டில் ஜன்னலை ஏற்றிவிட்டான். "காத்து தடுக்குது அண்ணி!"

"வேர்த்து ஊத்துதேடா."

"ஊத்தட்டும்! மெதுவா மிதிங்க!"

பத்தொன்பதரையில் ஒரு செம்மறி மந்தை சாலையை மறித்தது. கார் ஊர்ந்துகொண்டிருக்கும்போதே தாம்பா கதவைத் திறந்து குதித்தான். "நிறுத்தாதீங்க, நிறுத்தினா போச்சு!" என்று கத்தியபடி, தொப்பியைச் சுழற்றிக்கொண்டு ஆடுகளுக்குள் பாய்ந்தான். மேய்ப்பவர் குதிரைமேல் இருந்து வாய்பிளந்து பார்த்தார். விலகிய வழியில் கொர்லோ வண்டியை உருட்டிக்கொண்டு போனாள். அவன் மூச்சிரைக்க ஓடிவந்து தொற்றிக்கொண்டான். கடைசி இறக்கத்தில் கால் எடுத்தாள். வண்டி சத்தமே இல்லாமல் வழுக்கியது. இருபது புள்ளி ஒன்று.

இருவரும் ஒரே நேரத்தில் கூவினார்கள். கொர்லோவுக்குக் கண் நனைந்துவிட்டது.

ஊரில் இறங்கியதும் தாம்பா யாரையும் நலம் விசாரிக்கவில்லை. உறவினர் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் புளித்த குதிரைப்பாலை வாங்கி வந்து, பந்தயத்தில் ஜெயித்த குதிரையைப் பாடி அதன்மேல் பால் ஊற்றும் வழக்கப்படி காரின் புகழை ராகம்போட்டுப் பாடி, அதன் பின்புறத்தில் ஊற்றினான்.

"டேய், கண்ணாடியில ஊத்தாத!" என்று சிரித்தாள் கொர்லோ.

பாட்டில் ரோம உருண்டைக் கதையைக் கேட்டுக் கூடி நின்றவர்களில் ஒருவர் நைசாகத் தன் காரின் பின்கதவைத் திறந்துவைத்தார். "அக்கா, நானும் ரோமம் ஏத்துறவன்தான். கொஞ்சம் பாருங்களேன்."

அவள் அதற்குள் முழங்காலிட்டுத் துவாரத்தில் கையை வைத்துவிட்டாள்.