முப்பத்தேழாவது படம்

இது என் வீட்டில், எனக்கு நடந்தது. எனக்குக் கதை கட்டத் தெரியாது. ஃபிலிம் கழுவத்தான் தெரியும். கட்டிச் சொல்வதாக இருந்தால் என்னைக் கொஞ்சம் நல்லவனாகக் காட்டியிருப்பேன்.

கலர் ஃபிலிம் கழுவுவதில் ஒரு கண்டிப்பு உண்டு. சிவப்பு விளக்குகூட ஆகாது. கும்மிருட்டில், விரல்களே கண்ணாக, ரோலைப் பிரித்துச் சுருளில் ஏற்றி, டப்பாவுக்குள் வைத்து மூட வேண்டும். அதன் பிறகுதான் வெளிச்சம். இருபத்திமூன்று வருடங்களுக்கு முன்பு, நான் வேலை பார்த்த ஸ்டூடியோவில், வெளியே டெலிபோன் அடித்த அவசரத்தில், மூடிவிட்டதாக நினைத்து விளக்கைப் போட்டேன். டப்பா திறந்திருந்தது. ஒரு நொடிதான். ரோல் முழுக்கக் கறுத்துப்போனது.

அந்த ரோலைக் கொடுத்தவர் கணவரை இழந்து ஒரு மாதமே ஆன பெண். "ஏரிக்கரையில பாப்பாவைத் தோள்ல வச்சுக்கிட்டு நிக்கிறார். அது ஒண்ணு வந்தா போதும், தம்பி" என்று சொல்லியிருந்தார்.

தப்பை ஒப்புக்கொண்டிருக்கலாம். வேலை போய்விடுமே என்று பயந்தேன். குப்பைக்கூடையில் கிடந்த, படமே விழாத வேறொரு ஃபிலிமை எடுத்து நீட்டினேன்.

"ஒண்ணுமே விழல, மேடம். கேமராவுல ரோல் சரியா மாட்டல."

"நான்தான் மாட்டினேன்" என்றார் மெதுவாக.

பக்கத்தில் நின்ற அவருடைய மாமியார் சொன்னார்: "அதுக்கும் துப்பில்ல."

அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். அன்று முதல் அவர் தெருவழியாக நான் போனதில்லை. பஸ் ஏறக்கூடச் சுற்றித்தான் போவேன். கடவுளிடம் தினமும் மன்னிப்புக் கேட்டேன். கேட்க வேண்டிய ஆளிடம் கேட்கவில்லை.

அவர் கொடுத்த அதே வகை ஃபிலிமைக் கம்பெனி நிறுத்திப் பல வருடமாகிறது. அதன் நிறங்களுக்காக ஏங்கும் கிறுக்கர்களில் நானும் ஒருவன். முகமெல்லாம் அதில் இளவெயில் பட்டதுபோல விழும். கடைசியாகச் சிக்கிய ஒரு ரோலை ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன்.

"தக்காளியை எங்க வைக்கிறது? உங்க கேமராவுக்குள்ளயா?" என்பாள் மனைவி.

அவள் வாய்க்குப் பயந்து, போன மாதம் எடுத்து முடித்தேன். முப்பத்தாறு படம். எல்லாம் எங்கள் மொட்டைமாடியும் பூந்தொட்டிகளும்தான்.

சனிக்கிழமை. பிற்பகல் 2.50. மனைவி அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். கதவிடுக்கில் துண்டைச் செருகினேன். விளக்கை அணைத்தேன்.

ரோலைப் பிரித்தேன். சுருளில் ஏற்றினேன். டப்பாவில் வைத்தேன். மூடியைத் தேடினேன்...

இடப்பக்கம் வைத்த மூடி அங்கே இல்லை.

சொட்... சொட்...

குழாயை இறுக மூடியிருந்தேனே?

சொட்டு நின்றது. பக்கத்தில் மூச்சுச் சத்தம்.

என் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அந்தச் சத்தம் நிற்கவில்லை.

ஹால் கடிகாரம் மூன்று அடித்தது.

கை தானாக சுவிட்சுக்குப் போனது...

மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

சில்லென்ற கை. அதில் முரட்டுத்தனம் இல்லை.

மூடி என் உள்ளங்கையில் வந்து அமர்ந்தது.

"மூடுங்க."

ஆண் குரல்.

மூடினேன். பிடி விட்டது.

விளக்கைப் போட்டேன். 3.02. தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

ஓடத்தான் நினைத்தேன். ஆனால் அவ்வளவு அக்கறையாக மூடச் சொல்லி ஒருவர் காப்பாற்றிய ஃபிலிமைப் பாதியில் விட மனம் வரவில்லை. டப்பாவில் கழுவும் மருந்தை ஊற்றினேன்.

காய்ந்ததும் ஸ்கேனரில் வைத்துப் பார்த்தேன். முப்பத்தாறும் என் படங்கள். அதற்கப்புறம் ஒன்று இருந்தது. ஏரிக்கரை. நீலக்கோடு போட்ட சட்டையில் ஒரு மனிதர். தோளில் குழந்தை.

முதலில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? 'பழைய ரோல் கிடைத்தது' என்று சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று. மறுபடியும் ஒரு பொய். என்னை நினைக்க எனக்கே கூசியது.

மறுநாள் காலை 10.15. அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குள் நுழைந்தேன். அந்தப் பெண்மணியே கதவைத் திறந்தார். தலை நரைத்திருந்தது. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்; குப்பைக்கூடை உட்பட.

"என் கையாலயே அவரைத் தொலைச்சிட்டேன்னுதான் இத்தனை வருஷமும் இருந்தேன், தம்பி" என்றார்.

"மன்னிச்சிடுங்கம்மா."

அவர் திட்டவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அன்றைக்கே 'என் தப்பு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்...

படத்தை நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார். குழந்தையின் முகத்தைத் தடவிய விரல் சட்டைமேல் வந்து நின்றது.

"பாப்பா அன்னைக்குப் போட்ட கவுன்தான். ஏரியும் அதேதான். ஆனா இந்தச் சட்டை எப்படி?"

"ஏம்மா?"

"இது அவர் போனப்புறம், மறுநாள் விடிஞ்சதும் கடையைத் திறக்கச் சொல்லி வாங்கினது, தம்பி. ஒரே தடவைதான் போட்டார். நாங்கதான் போட்டுவிட்டோம்."