தூசி இல்லைங்க, மாவு

போன வாரம் எங்கள் வீட்டு மெயின் போர்டை மாற்ற எலக்ட்ரீஷியன் வந்திருந்தார். பழைய பீங்கான் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தரையில் வைத்துவிட்டு, "இனிமே இதுக்கு வேலை இல்லைங்க, எல்லாம் டிரிப்பர்தான். தூக்கிப் போட்டுடவா?" என்றார். நான் ஒன்றை எடுத்து ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. "நல்லாப் பிசிறு எடுத்திருக்காங்க" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. வீணாய்ப்போன ஃபியூஸைத் தடவிப் பார்த்துப் பாராட்டுகிற ஆளை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.

பிசிறு என்பது அச்சிலிருந்து வெளியே வரும், இன்னும் சுடாத பச்சைப் பீங்கானின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் தகடு போன்ற மிச்சம். காய்ந்தபின் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் சூளைக்கு அனுப்புவார்கள். விருத்தாசலத்தில் செராமிக் எஸ்டேட் என்ற பீங்கான் தொழிற்பேட்டையின் ஷெட்டுகளில் இந்த வேலையைச் செய்தவர்கள் அநேகமாக எல்லோருமே பெண்கள். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் நான் அங்கே வேலை பார்த்ததல்ல. அங்கே வேலை பார்த்தவர்களைக் கேள்வி கேட்டதுதான் என் வேலை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள். எம்.ஏ. சமூகவியல் முடித்துவிட்டுத் திட்டக்குடியில் வீட்டில் சும்மா இருந்தேன். அப்போது பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுத் திட்டத்துக்கு உதவியாளர் வேண்டும் என்று தகவல் வர, போய்ச் சேர்ந்துகொண்டேன். சமூகவியல் துறையும் மருத்துவத் துறையும் சேர்ந்து செய்யும் கூட்டு ஆய்வு. கூட்டு என்றால் நம் வீட்டுக் கூட்டு மாதிரிதான், பருப்பு ஒரு பக்கம் நிற்கும், பூசணிக்காய் ஒரு பக்கம் நிற்கும். இரண்டு துறைக்கும் சேர்த்து ஒரு வேன். செவ்வாய்க்கிழமை அது எங்களுக்கா அவர்களுக்கா என்பதிலேயே பாதிக் கடிதப் போக்குவரத்து நடந்தது. வேன் இல்லாத நாளில் நான் திட்டக்குடி பஸ்ஸில் வந்து இறங்கி எஸ்டேட்டுக்கு நடப்பேன். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் ரெக்ஸின் பை, பைக்குள் ஒரு டேப்ரெக்கார்டர். கலெக்டருக்கு அடுத்தபடி நான்தான் என்று நினைப்பு.

ஷெட்டுக்குள் நுழைந்ததும் முதலில் மூக்கில் ஏறுவது ஈரச் சுண்ணாம்பு போல ஒரு வாசனை. பிறகுதான் கண்ணுக்கு ஆட்கள் தெரிவார்கள். தலை, புருவம், இமை எல்லாம் வெள்ளை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து முதல் நாள் என்னிடம் பேசியவர், எல்லோரும் குறிச்சி அக்கா என்று கூப்பிட்ட பெண். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வேலைக்கு வந்ததால் அந்தப் பெயர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். கேள்வித்தாளோடு வருகிற பெண் யாராயிருந்தாலும் அவர்களுக்கு டீச்சர்தான்.

"இன்னா டீச்சரு, எல்லாத்தயும் எழுதுறீங்க, எம்பேர எழுதலியே?"

"பேரு தேவையில்லக்கா. உங்களுக்கு நம்பர் இருபத்து மூணு."

"இங்கயும் நம்பர்தானா" என்று சிரித்தார். பதினோரு வருடமாக அந்த வேலை செய்கிறாராம், எந்த நோட்டிலும் தன் பெயர் கிடையாதாம், எண்ணிக்கையில் மட்டும் ஓர் ஆளாம். அவர் இதைப் புகாராகச் சொல்லவில்லை, பஸ் வரவில்லை என்பது போலச் சொன்னார். நான் அதையும் எழுதிக்கொண்டேன், நம்பருக்கு நேரே.

நிதி கொடுத்தவர்கள் போட்ட நிபந்தனை ஒன்று உண்டு. ஆய்வு ஊர்மக்களோடு சேர்ந்து நடக்க வேண்டும், ஒவ்வொரு ஷெட்டிலும் ஒருவர் அதில் பங்கெடுக்க வேண்டும், முடிவை அவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் வந்த அந்தப் படிவத்தைத் தமிழாக்கியது அடியேன்தான். 'சமூகப் பங்காளி' என்று எழுதிவிட்டேன். சொத்துக்காக வரப்புச் சண்டை போடுகிற உறவுக்கு நம் பக்கத்தில் என்ன பெயர் என்று அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. குறிச்சி அக்கா படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் எழுத்துக்கூட்டிப் படித்தார். ஷெட்டே சிரித்தது.

"பங்காளியா? அப்ப எங்களுக்கும் உங்களுக்கும் கேஸா டீச்சரு?"

"இல்லக்கா, கூட்டாளி மாதிரி."

"பங்காளின்னே இருக்கட்டும். பங்குன்னு ஒண்ணு இருக்குதுல்ல."

பங்காளிகளுக்குப் பல்கலைக்கழக நூலகத்துக்குள் போக ஓர் அட்டை கொடுத்தார்கள். அதைப் பயன்படுத்திய ஒரே பங்காளி இவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னோடு பஸ் ஏறி வந்தார். தலை குளித்து, கனகாம்பரம் வைத்து, வெள்ளையில்லாத முகத்தோடு நின்றபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. பழைய பைண்டிங் பசை வாசனை அடிக்கும் அறையில் முனைவர் பட்ட ஆய்வேடுகள் வரிசையாக நின்றன. முதுகில் தங்க எழுத்தில் ஆள் பெயர்.

"இதெல்லாம் யாரு படிக்கிறாங்க?"

"யாரும் படிக்கிறதில்லக்கா."

"பேரு இருக்குதுல்ல." ஒவ்வொரு முதுகாகப் பார்த்துக்கொண்டே போனார். பிறகு, "நம்ம புஸ்தகத்துல எம்பேரு வருமா? முதுகுல வாணாம். உள்ள எங்கனா" என்றார்.

பார்க்கலாம்க்கா என்று சொன்னேன். அரசாங்க ஆபீசில் சொல்வார்களே, அந்தப் 'பார்க்கலாம்'.

இனி என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன். எங்கள் கேள்வித்தாளில் பதினான்காம் கேள்வி: 'பணியிடத்தில் தூசி உள்ளதா?' நான்கு மாதம் ஷெட் ஷெட்டாகக் கேட்டேன். இல்லை, இல்லை, இல்லை என்றே பதில் வந்தது. வெள்ளையாக நின்றவர்கள் சொன்னதை நான் வெள்ளையாக உட்கார்ந்து எழுதிக்கொண்டேன். முதலாளிக்குப் பயந்து சொல்கிறார்கள் என்று எனக்குள் ஒரு கோட்பாடும் தயாராக இருந்தது. எம்.ஏ. படித்தால் கோட்பாடு சீக்கிரம் வந்துவிடும். தூசி இல்லை என்றால் நெஞ்சுப் பரிசோதனை முகாமும் இங்கே வேண்டாம், அரிசி ஆலைகள் பக்கம் போகலாம் என்று மருத்துவத் துறை கடிதம் எழுதிவிட்டது.

எழுதியதைச் சொன்னவரிடமே படித்துக் காட்ட வேண்டும் என்பது திட்டத்தை நடத்திய எங்கள் பேராசிரியரின் வழக்கம். அப்படிப் படித்துக் காட்டும்போது பதினான்கில் நிறுத்தி, பயப்படாமல் சொல்லுங்கள் என்று குறிச்சி அக்காவைக் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"தூசி ஏது டீச்சரு இங்க? காலைல ஒருக்கா, சாயந்திரம் ஒருக்கா பெருக்குறோம். உங்க வூட்டுல தூசி இருக்குதான்னு நான் கேட்டா நீங்க இன்னா சொல்லுவீங்க?"

"அப்ப உங்க மேல இருக்கறது என்னக்கா?"

குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார். "இதுவா? இது மாவு."

"மாவு மூக்குக்குள்ள போவுதா?"

"போவாம? காலைல துப்புனா வெள்ளையாத்தான் வருது. எல்லாருக்கும் இருமலு. அத நீங்க கேக்கவே இல்லியே."

அங்கே பொடித்த களிமண்ணுக்கு மாவு என்றுதான் பெயர், அச்சில் போடுவதும் மாவு, சுரண்டினால் உதிர்வதும் மாவு. தூசி என்பது பெருக்காத வீட்டில் இருப்பது. நான் நான்கு மாதமாக அத்தனை பெண்களிடமும் ஷெட்டைப் பெருக்குகிறீர்களா இல்லையா என்று கேட்டிருக்கிறேன். எனக்கு வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது.

மறுபடி எல்லா ஷெட்டுக்கும் போனோம். இந்த முறை கேட்டவர் குறிச்சி அக்கா, எழுதியவள் நான். ஞாயிற்றுக்கிழமைகளிலும் சாயங்காலங்களிலும் ஆட்களின் வீடுகளுக்கே போனோம், நல்லூர் வரைக்கும்கூட. "மாவு எங்க போயி குந்துது, தொண்டையிலயா நெஞ்சுலயா?" என்று அவர் கேட்பார். என் படிப்புக்கு அப்படி ஒரு கேள்வி எட்டாது. நடுவில் கேள்வியை மாற்றினால் ஆய்வு கெட்டுவிடும் என்று மருத்துவத் துறை எதிர்த்தது. "அது முன்னாடியே கெட்டுப்போயிருந்தது" என்றார் எங்கள் பேராசிரியர். இரண்டு பதிலையும் பக்கத்துப் பக்கத்தில் போடுவது என்று சமாதானமாயிற்று. முகாமும் எஸ்டேட்டுக்கு வந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள், குழாயில் ஊதச் சொன்னார்கள், சிலரை மேல் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். பிசிறு எடுக்குமுன் லேசாக ஈரத் துணியால் துடைக்கும் பழக்கம் இரண்டு மூன்று ஷெட்டுகளில் வந்தது.

அந்த நாட்களில்தான் ஒரு பஸ் பயணத்தில் நானாகவே சொன்னேன்: "உங்க பேரு கண்டிப்பா வரும்க்கா." மனதாரத்தான் சொன்னேன்.

அறிக்கை தயாரானபோது பேராசிரியரிடம் போய்க் கேட்டேன். அவர் இல்லை என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லவில்லை, விதிப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். பதில் சொன்னவர்களின் பெயர் வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் முதலாளிகளால் தொந்தரவு வரலாம். "அவங்க பதிலும் சொல்லியிருக்காங்க, எண் இருபத்து மூணு. ஒரே ஆள் ரெண்டு பக்கமும் இருக்க முடியாதும்மா." விதி நல்ல விதிதான். நான் வாதாடியிருக்கலாம். குறிச்சி அக்காதானே கேள்வியைத் திருத்தினார், அவரிடமே சம்மதம் வாங்கி வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அடுத்த திட்டத்திலும் எனக்கு வேலை வேண்டியிருந்தது. "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முடிவைச் சொல்லும் கூட்டம் விருத்தாசலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நான் தமிழில் வாசித்தேன். மாவு என்ற சொல் வந்த இடத்தில் பெண்கள் தலையாட்டினார்கள். முடிந்ததும் குறிச்சி அக்கா வந்து அறிக்கையை வாங்கினார். முழுக்க ஆங்கிலம். பக்கங்களைப் புரட்டிவிட்டு, "எதுல இருக்குது டீச்சரு?" என்றார்.

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நன்றியுரைப் பக்கத்தைத் திருப்பி ஒரு வரியைத் தொட்டுக் காட்டினேன். "இதுல." அவர் அந்த வரியின் மேல் மெதுவாக விரலை ஓட்டினார். "இம்மா நீளமா இருக்குதே" என்றார். "அப்பா பேரு, ஊரு பேரு எல்லாம் சேத்துக்கா" என்றேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு பிரதியை மடித்த புடவைத் தலைப்புக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனார். யாரிடமாவது படிக்கச் சொல்லியிருப்பாரா என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

திட்டம் முடிந்ததும் எண்ணுக்கு நேரே பெயர் எழுதிய பட்டியலை அழித்துவிட வேண்டும் என்பதும் விதி. கிழித்தது நான்தான், நான்கு நான்காக. இன்னொரு திட்டம் எனக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், நியாயமாக இருக்கும்.

அந்த வேன் ஏலத்தில் போயிற்று. கேசட்டுகள் பூஞ்சை பிடித்தன என்றார்கள். திட்டத்துக்கென்று இணையத்தில் இருந்த பக்கம் இப்போது திறப்பதில்லை. பேராசிரியர் காலமாகிவிட்டார். இரண்டு வருடம் முன்பு விருத்தாசலம் போயிருந்தபோது அந்த ஷெட்டில் தண்ணீர் கேன் அடுக்கியிருந்தார்கள். குறிச்சி அக்கா மகளோடு நெய்வேலிப் பக்கம் போய்விட்டதாக ஒருவர் சொன்னார், இல்லை, திருப்பூருக்கு என்றார் இன்னொருவர். அறிக்கை மட்டும் நூலகத்தில் இருக்கிறது. போய்ப் பார்த்தேன். நான் தொட்டுக் காட்டிய அந்த வரியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'தம் பெயரைக் குறிப்பிட விரும்பாத தொழிலாளர்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி.'

அவர் விரும்பினார். அவர் பெயர் கோ. தையல்நாயகி.