கரைந்துபோன ஊர்ப்பெயர்

பிள்ளைகளே, பெங்களூரில் மீன் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் உங்கள் அப்பாவாகிய நான் உதவியாளராக இருந்த காலம் அது. நான்கு ஊர்க் கடற்கரைகளிலிருந்து நகத்தளவு மீன்கள், ஊருக்குப் பல பாட்டில்களாக வந்திருந்தன. மீன் கெடாமலிருக்க ஸ்பிரிட் ஊற்றிய பாட்டிலுக்குள் போடும் ஊர்ப்பெயர்ச் சீட்டை பென்சிலில்தான் எழுத வேண்டும். அவசரத்தில் ஒன்றை மட்டும் பேனாவில் எழுதிவிட்டேன். மை கரைந்துவிட்டது. யாரும் அறியாத புது இனம் என்று ஆராய்ச்சி மேடம் நம்பியிருந்த மீன் அதில்தான் இருந்தது.

"எந்த ஊர்னு தெரியாம புது இனம்னு எப்படி எழுதறது, அண்ணா?" என்றார் மேடம்.

"நானே தேடித் தர்றேன் மேடம்."

"பெங்களூர்ல உக்காந்துகிட்டா?" என்று சிரித்துவிட்டார்.

மங்களூர் பக்கம் இருந்த அந்த நான்கு ஊர்களையும் பார்த்துவர இருவரும் பஸ் ஏறினோம். மூன்றாவது ஊரில், பாறைக்குழித் தண்ணீரில் அதே மீன்கள் ஓடின. பாட்டிலில் வெளுத்துக் கிடந்த மீனுக்கு முதுகில் நீலக்கோடு இருந்ததை அன்றுதான் பார்த்தேன். இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.