டபுள் சைலன்சரும் மூன்று தட்டுக் கேக்கும்

போன வருடம், நோன்புப் பெருநாள் கழிந்து கல்யாணங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்த நாட்களில், திருகோணமலையிலிருந்து கிண்ணியாவுக்குப் போகிற வழியில் நடந்த சம்பவம் இது. எங்கள் வீடு பாலையூற்றில். நான் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறவள். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. அவருக்கு இரண்டு மனைவிகள் என்று எல்லோருக்கும் சொல்லிச் சிரிப்பேன். ஒன்று நான், மற்றது முற்றத்தில் நிற்கும் பழைய வெள்ளைக் கார். கவனிப்பெல்லாம் மற்றவளுக்குத்தான்.

அந்தக் காரை ஒரு நாள் கராஜுக்குக் கொண்டுபோனவர் பின்னேரம் திரும்பி வந்தபோது வாசலில் பெரிய உறுமல். ஓடிப்போய்ப் பார்த்தால், பின்னால் ஒரு புகைக்குழாய் இருந்த காரில் இப்போது இரண்டு. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று, பளபளவென்று. டபுள் சைலன்சராம். இஞ்சின் லேசாக மூச்சு விடுமாம், ஓட்டம் கூடுமாம்.

எனக்குக் கார் ஓடத் தெரியாது. ஆனால் நாலு சிலிண்டர் காருக்கு எதற்கு இரண்டு குழாய் என்று கேட்கத் தெரியும். கராஜ்காரரையே போனில் பிடித்துக் கேட்டேன். இஞ்சினிலிருந்து வருவது ஒரே குழாய்தான், பின்பக்கம் வந்துதான் இரண்டாகப் பிரிகிறது, ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, பார்க்க வடிவாக இருக்கும் என்று அவர் சிரித்துக்கொண்டே உண்மையைச் சொல்லிவிட்டார். அது போதாதா எனக்கு? ஒரு கிழமையாக, ஏழு நாளும், என் மனிசனை வாட்டி எடுத்தேன். அவர் பொறுமைசாலி. ஒரே ஒரு தரம்தான் திருப்பிக் கேட்டார்.

"உம்மட கேக்கில மேல் தட்டு ரெண்டும் என்னவாம்?"

எங்கள் பக்கத்துக் கல்யாணக் கேக்கைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மூன்று தட்டாக உயர்ந்து நிற்கும். வெட்டுகிற கீழ்த்தட்டு மட்டும்தான் கேக். மேலே இரண்டும் ரெஜிபோம், மீன்காரர்கள் ஐஸ் போட்டு வைக்கிற அதே வெள்ளைப் பெட்டிச் சாமான். அதற்கு மேல் ஐசிங் பூசிப் பூ வைத்துவிடுவோம். விருந்தாளிகளுக்குக் கொடுக்கிற துண்டுகள் தனியாகப் பெட்டிகளில் முதல் நாளே போய்விடும். அது வேறு, இது வேறு என்று சண்டை பிடித்தேனே தவிர, கேள்வி சுருக்கென்று குத்தத்தான் செய்தது.

அந்தக் கிழமைதான் கிண்ணியாவிலிருந்து எனக்கு முதல் பெரிய ஓடர். மணப்பெண்ணே வந்து ரோஜாவின் நிறம் வரைக்கும் சொல்லிவிட்டுப் போனாள். "கொரோனா நேரம் என்ட ராத்தாட கல்யாணம், கேக்கே வெட்டல்ல. இந்தக் கேக்கை எங்கட ராத்தாதான் கூட நிண்டு வெட்டப் போறா" என்றாள், தன் அக்காவைச் சொல்லி. அதைக் கேட்ட பிறகு அந்தக் கேக்கின் மேல் எனக்கு ஒரு தனிப் பாசம் வந்துவிட்டது.

காலையில் புறப்பட்டோம். ரெஜிபோம் தட்டுகள் இரண்டும் என்னோடு பின் சீட்டில், ஏசிக் காற்றில். கேக் தட்டை டிக்கியில் இடப்பக்கம் வைத்தோம். எப்போதும் அங்கேதான் வைப்போம். வலப்பக்கம் அடியில் புகைக்குழாய் ஓடுவதால் அந்தப் பக்கம் சூடேறும் என்று எங்களுக்குத் தெரியும். அவ்வளவு தெரிந்த எங்கள் இருவருக்கும், இடப்பக்கமும் இப்போது ஒரு குழாய் ஓடுகிறது என்பது மூளையில் ஏறவேயில்லை. ஒரு கிழமையாக அதைப் பற்றியே சண்டை பிடித்தவர்கள் நாங்கள்!

சீனன்குடா தாண்டிக் கிண்ணியாப் பாலத்தை நெருங்கும்போது, பட்டர் உருகுகிற வாசம் மெல்ல வந்தது. காரை ஓரம் கட்டி டிக்கியைத் திறந்தோம். கேக்கின் ஒரு பக்கத்து ஐசிங் ரோஜாக்களோடு வழிந்து பெட்டியின் மூலையில் கிடந்தது. அடியில் கை வைத்தால் தோசைக்கல். நான் நடு ரோட்டில் நின்று அழுதேன். வெட்கமெல்லாம் பார்க்கவில்லை. கேக் வெட்டக் காத்திருக்கும் அந்த ராத்தாவின் முகத்தில் எப்படி முழிப்பேன்? கணவர் குனிந்து அந்த இடப்பக்கக் குழாயைப் பார்த்தார். அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது, ஆனால் பாவம் பார்க்கிற நிலையில் நான் இல்லை.

பாலத்தடியில் ஒரு மீன் லொறி நின்றது. அதன் சொந்தக்காரர், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு முஸ்லிம் அண்ணன், எங்கள் பக்கத்துப் பேச்சில் நானா, இறங்கி வந்து டிக்கியை எட்டிப் பார்த்தார். திரும்பிப் போய் ஒரு வெள்ளைப் பெட்டியோடு வந்தார்.

"அழாதீங்க தங்கச்சி. இது புதுப் பெட்டி, இன்னும் ஒரு மீனும் படல்ல."

அடியில் ஐஸ் கொட்டி, மேலே பொலித்தீன் விரித்து, கேக்கை அவரும் கணவருமாகத் தூக்கி உள்ளே வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஐசிங் இறுகியது. ஆனால் வழிந்த பக்கம் மொட்டையாக நின்றதே! கையில் மிச்ச ஐசிங்கும் போதாது. அப்போதுதான் பின் சீட்டைப் பார்த்தேன். ரெஜிபோம் தட்டுகளின் பின்பக்கம் சுவரைப் பார்த்துத்தானே இருக்கப்போகிறது? கத்தியை எடுத்து அவற்றின் முதுகிலிருந்து ஐசிங்கையும் ரோஜாக்களையும் வழித்துக் கேக்கில் வைக்கத் தொடங்கினேன். உள்ளிருந்த வெள்ளை வெளியே தெரிந்ததும் நானாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மேல ரெண்டும் என்ட பெட்டிதானா தங்கச்சி? நான் எத்தனை கல்யாணத்தில வாயைப் பிளந்து பார்த்திரிக்கன்!"

கணவர் அந்த நேரத்தில் சிரித்திருந்தால் நான் கத்தியைக் கீழே வைத்திருப்பேனா தெரியாது. நல்ல மனிசன், பாலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கேக் லொறியில் முன்னே போனது, நாங்கள் காரில் பின்னே. கல்யாண வீட்டு வாசலில் லொறி நின்றதும் சமையல்காரர், "மீன் வந்திட்டு!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்து பெட்டியை அடுப்படிப் பக்கம் தூக்கப் பார்த்தார். நானும் நானாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக் காப்பாற்றினோம். கேக் மேடை ஏறியது. சுவர்ப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ராத்தாவும் தங்கச்சியும் சேர்ந்து கத்தியைப் பிடித்தபோது எனக்குத் திரும்பவும் கண் கலங்கியது. நானா என்ன கொடுத்தும் வாங்கவில்லை. வீட்டாரிடம் கேட்டு ஒரு கேக் துண்டுப் பெட்டியை அவர் கையில் திணித்தேன்.

வெளியே வந்தால் எங்கள் காரைச் சுற்றி மாப்பிள்ளையின் கூட்டாளிகள். மாப்பிள்ளையே கோட் சூட்டோடு குனிந்து, அந்த இரண்டு குழாய்களையும் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கணவர் திருடன் மாதிரி முழித்தார். காலையில் நடந்ததை அங்கே வைத்துச் சொல்லிவிடுவேனோ என்ற பயம்.

"இஞ்சப்பா, ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்கோவன்" என்றேன்.

கார் உறுமியது. எல்லோரும் கைதட்டினார்கள். அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் எங்கள் கல்யாணப் போட்டோவில்கூட நான் பார்த்ததில்லை.

இப்போது கேக் என் மடியில் பயணம் செய்கிறது, இரண்டு குழாய்களும் அவற்றின் இடத்திலேயே இருக்கின்றன. யாராவது வெறும் வடிவுக்காக ஒன்றை ஆசைப்பட்டுச் செய்தால், "இது எதுக்கு?" என்று கேட்க என் வாய் தானாகத் திறக்கும், உடனே அந்தப் பாலத்தடியும், மொட்டையாக நின்ற கேக்குக்குத் தங்கள் முதுகு ரோஜாக்களைக் கொடுத்த ரெஜிபோம் தட்டுகளும் ஞாபகம் வரும், வாயை மூடிக்கொள்வேன்.